சீந்தில் யாருக்கெல்லாம் ஆகாது?

சீந்தில் கொடியைப் பற்றித் தேடிப் பாருங்கள். கஷாயம் எப்படி வைப்பது, தண்டு எவ்வளவு நீளம் வெட்டுவது, வெறும் வயிற்றில் குடிப்பதா சாப்பாட்டுக்குப் பிறகா என்று பக்கம் பக்கமாக வரும். யார் குடிக்கவே கூடாது என்ற விஷயம் மட்டும் கடைசி வரியில் "கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும்" என்பதோடு முடிந்துவிடும், பல இடங்களில் அந்த வரிகூட இருக்காது. 2020க்கு அப்புறம் நடந்ததைப் பார்த்தவர்கள் இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்றுதான் சொல்வார்கள். யாருக்கு ஆகாது என்பதை முதலில் பார்ப்போம், செய்முறையெல்லாம் பிறகு.

கொடியை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள், பெயர் தெரியாமல்கூட இருக்கலாம். வெற்றிலையை நினைவூட்டும் இலை, காகிதம் போல உரியும் மேல்தோல், அதைச் சுரண்டினால் உள்ளே பச்சை, மரத்தின் உச்சியிலிருந்து நூல் நூலாகத் தொங்கும் விழுதுகள். அறுத்துப் போட்டாலும் லேசில் சாகாது, எங்கேயாவது தொங்கவிட்டால் அங்கிருந்தே துளிர்க்கும், அமிர்தவல்லி என்ற பெயருக்கும் அதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். வடக்கே கிலோய், வடமொழி நூல்களில் குடூசி, கேரளத்தில் சிற்றமிருது. வேப்ப மரத்தில் படர்ந்த கொடிக்கு மதிப்பு அதிகம். ஆயுர்வேதம், சித்தம் இரண்டிலுமே பழைய மருந்து இது. காய்ச்சல், சர்க்கரை, மூட்டு வீக்கம், தோல் நோய், காமாலை என்று பட்டியல் நீளும். தண்டை இடித்துத் தண்ணீரில் கரைத்து, அடியில் படியும் மாவைக் காயவைத்து எடுப்பதுதான் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் சீந்தில் சர்க்கரை. கபசுரக் குடிநீரில் சேரும் 15 சரக்குகளில் சீந்திலும் ஒன்று என்பதால், 2020ல் தெருமுனையில் டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்ததை வாங்கிக் குடித்தவர்கள் எல்லோருக்குள்ளும் கொஞ்சம் சீந்தில் போயிருக்கிறது.

அந்த வருஷம்தான் எல்லாம் மாறியது. அதுவரை வைத்தியர் எழுதிக் கொடுத்தால் குடிக்கிற மருந்தாக இருந்தது, கொரோனா வந்ததும் காலைக் காப்பியின் இடத்துக்கு வந்துவிட்டது. மருந்தும் இல்லை தடுப்பூசியும் இல்லை என்ற அந்த மாதங்களில், உடம்பின் எதிர்ப்பு சக்தியைக் கூட்டிக்கொள்வது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது என்று எல்லோருமே நம்பினோம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2020 அக்டோபரில் ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்ட கோவிட் வழிகாட்டுதலிலும் குடூசி மாத்திரை இடம்பெற்றது. ஆன்லைன் கடைகளில் மாத்திரை, பொடி, ஜூஸ் என்று குவிந்தது. வட இந்திய நகரங்களில் பூங்காவில் நடைப்பயிற்சிக்குப் போனவர்கள் கொடியை வெட்டிக்கொண்டு வந்து வீட்டில் கொதிக்க வைத்தார்கள்.

அதே 2020ன் பிற்பகுதியில் மும்பையில் கல்லீரல் மருத்துவர்களிடம் சில நோயாளிகள் மஞ்சள் காமாலையோடு வந்தார்கள். வைரஸ் ஹெபடைடிஸ், அதாவது வைரஸால் வரும் கல்லீரல் அழற்சிக்கான பரிசோதனைகளில் ஒன்றும் பிடிபடவில்லை. தோண்டித் துருவிக் கேட்டபோது எல்லோருக்கும் பொதுவாக இருந்தது கிலோய். 6 பேரைப் பற்றிய அந்த அறிக்கை 2021ல் இந்தியக் கல்லீரல் மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. பயாப்ஸிக்காகக் கல்லீரலில் துளி சதை எடுத்துப் பார்த்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் இருந்த நிலை ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் போலவே இருந்தது, அதாவது உடம்பின் எதிர்ப்பு அணுக்களே கல்லீரலைத் தாக்கியிருந்தன. அடுத்த வருஷம், 2022ல், 'ஹெபடாலஜி கம்யூனிகேஷன்ஸ்' இதழில் நாட்டின் 13 மருத்துவ மையங்களிலிருந்து 43 நோயாளிகளின் விவரம் வந்தது. பாதிக்கு மேல் பெண்கள். சர்க்கரை, தைராய்டு, ஏற்கெனவே கல்லீரல் நோய் என்று ஏதாவது ஒன்று கணிசமானவர்களுக்கு இருந்தது. குடிக்க ஆரம்பித்ததிலிருந்து அறிகுறி தெரிய ஆன காலத்தின் இடைநிலை அளவு 46 நாள், அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்குப் பிறகு. 48 நாள் என்ற நம்முடைய ஒரு மண்டலக் கணக்குக்கு இரண்டு நாள்தான் குறைவு. ஏற்கெனவே கல்லீரல் கெட்டிருந்தவர்களிடையேதான் இறப்பு அதிகமாக இருந்தது.

ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. 2021லும் 2022லும் அறிக்கை விட்டது. குடூசி பாதுகாப்பானது, பல காலமாகப் புழக்கத்தில் உள்ளது, அதைப் போலவே இருக்கும் டினோஸ்போரா கிரிஸ்பா என்ற வேறு கொடியைத் தவறாக எடுத்துக் குடித்திருக்கலாம் என்பது அதன் வாதம். கிரிஸ்பா கல்லீரலைக் கெடுக்கும் என்பதற்கு வெளிநாட்டு மருத்துவக் குறிப்புகள் உண்டு, ஆகவே வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. இரண்டையும் பிரித்தறிய அமைச்சகம் அடையாளமும் சொன்னது. நல்ல சீந்தில் தண்டு பச்சையாக இருக்கும், அதில் முண்டு முடிச்சு இருக்காது, வெட்டினால் பால் வராது, பழம் சிவப்பாக உருண்டையாக இருக்கும். கிரிஸ்பா சாம்பல் நிறம், தண்டு முழுக்கச் சின்னச் சின்ன முண்டு, வெட்டினால் பால் கசியும், பழம் ஆரஞ்சு நிறத்தில் நீள்வட்டமாக இருக்கும்.

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அமைச்சகம் சொன்னது முழுக்க உண்மையென்றே எடுத்துக்கொண்டாலும், வேலியில் வெட்டி வருகிறவருக்கும் ஆன்லைனில் பொடி வாங்குகிறவருக்கும் அதனால் என்ன ஆறுதல் கிடைக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பொடியில் முண்டு தெரியுமா, ஜூஸில் பால் தெரியுமா? ஆள் மாறாட்டம் நடக்கிறது என்றால் கண்மூடித்தனமாகக் குடிக்காமல் இருக்க அதுவே கூடுதல் காரணம். அதோடு, கொடி மாறியதால் மட்டும்தான் இப்படி ஆனது என்றால் யார் குடித்தாலும் ஒரே மாதிரி பாதிப்பு வர வேண்டும். தைராய்டும் சர்க்கரையும் உள்ளவர்கள் இதில் இவ்வளவு பேர் ஏன் இருக்கிறார்கள் என்பதற்குத் தனியாகப் பதில் தேட வேண்டியிருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டு வருஷத்தில் சீந்திலைக் குடித்தவர்களின் எண்ணிக்கை கோடிகளில் இருக்கும். 43 என்பது கல்லீரல் மருத்துவர் வரைக்கும் போய், அங்கே கேள்வி கேட்கப்பட்டு, பதிவாகி, ஆய்வுக்குள் வந்தவர்கள் மட்டும்தான், உண்மையான எண் இதைவிட அதிகம் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் குடித்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை. "எங்க வீட்டில் எல்லோரும் குடித்தோம், நன்றாகத்தானே இருக்கிறோம்" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. இது அரளிக் கொட்டை மாதிரி எல்லோரையும் ஒரே மாதிரி தாக்கும் விஷம் இல்லை. ஆளைப் பார்த்துத் தாக்கும் விஷயம். யார் அந்த ஆள் என்பதுதான் இங்கே பேச்சு.

சீந்திலில் இருக்கும் சில பெரிய சர்க்கரை மூலக்கூறுகள் எதிர்ப்பு அணுக்களைத் தட்டி எழுப்புகின்றன. ஜி1-4ஏ என்று பெயரிடப்பட்ட ஒன்றை நம் நாட்டு விஞ்ஞானிகளே பிரித்தெடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்களின் மேலிருக்கும் டிஎல்ஆர்-4 என்ற ஏற்பியின் வழியாக அது வேலை செய்கிறது, கிருமி வந்தால் அடிக்கிற மணியை இது கிருமி இல்லாமலே அடித்துவிடுகிறது. விளம்பரத்தில் சொல்கிற "எதிர்ப்பு சக்தியைத் தூண்டும்" என்பதில் உண்மை இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த உண்மையின் மறுபக்கத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் எல்லோருடைய எதிர்ப்பு மண்டலமும் எதிரியை மட்டும் அடிப்பதில்லை. சிலருக்கு அது வீட்டுக்காரரையே கடிக்கிற காவல் நாய், அதற்குப் போய் இன்னும் தெம்பு ஏற்றினால் என்ன ஆகும்?

ஆகவே முதலில் விலக வேண்டியவர்கள் ஆட்டோஇம்யூன் நோய் உள்ளவர்கள். முடக்குவாதம், லூபஸ், சோரியாசிஸ், வெண்புள்ளி, முதல் வகைச் சர்க்கரை, குடல் அழற்சி நோய்கள், ஏற்கெனவே ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் இருந்தவர்கள். இதில் சிக்கல் என்னவென்றால், பழைய மரபில் சீந்திலை எடுத்துக்கொள்ளச் சொல்வதே மூட்டு வீக்கத்துக்கும் தோல் நோய்க்கும்தான். அந்தக் காலத்து வைத்தியருக்கு மூட்டு வீக்கம் யூரிக் அமிலத்தால் வந்ததா, எதிர்ப்பு மண்டலம் குழம்பியதால் வந்ததா என்று ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வழியில்லை. நமக்கு இருக்கிறது. கை விரல் மூட்டுகள் காலையில் விறைத்துக்கொண்டு வீங்குகிற ஒருவர், என்ன மூட்டுநோய் என்று தெரியாமலேயே சீந்தில் பொடியை ஆரம்பிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தைராய்டைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான். தினமும் காலையில் தைராக்ஸின் மாத்திரை போடுகிற பெண்களிடம் உங்களுக்கு ஆட்டோஇம்யூன் நோய் இருக்கிறதா என்று கேட்டால் அநேகமாக இல்லை என்றுதான் சொல்வார்கள். தைராய்டு சுரப்பு குறைவதற்கு, அயோடின் உப்பு புழங்கும் இடங்களில், முக்கியமான காரணமே ஹாஷிமோட்டோ என்ற ஆட்டோஇம்யூன் நோய். டாக்டர் ரத்தத்தில் டிஎஸ்எச் என்ற தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் அளவைப் பார்த்து மாத்திரை எழுதுகிறார், காரணத்தை விளக்க நேரம் இருப்பதில்லை, சிகிச்சை எப்படியும் ஒன்றுதான் என்பதால் ஆன்டிபாடி பரிசோதனை பலருக்குச் செய்வதும் இல்லை. ஆகவே "எனக்குத் தைராய்டு மட்டும்தான், வேறொன்றும் இல்லை" என்பவர்கள் இந்தப் பட்டியலில் இருக்கலாம். ஒரு ஆட்டோஇம்யூன் நோய் உள்ளவருக்கு இன்னொன்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதும் தெரிந்ததே. மும்பையிலும் மற்ற ஊர்களிலும் வந்தவர்களில் தைராய்டு நோயாளிகளும் பெண்களும் ஏன் அவ்வளவு பேர் என்ற கேள்விக்கு ஒரு பகுதிப் பதில் இங்கே இருக்கக்கூடும்.

அடுத்தது, எதிர்ப்பு மண்டலத்தை வேண்டுமென்றே அடக்கி வைக்க மருந்து எடுப்பவர்கள். சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றி வைத்துக்கொண்டு டாக்ரோலிமஸ், மைகோஃபினோலேட் சாப்பிடுபவர்கள், மூட்டுக்காக மெத்தோட்ரெக்ஸேட், அசதியோபிரின், ஸ்டீராய்டு எடுப்பவர்கள். அங்கே டாக்டர் பிரேக் போட, இங்கே நாம் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிற கதை ஆகிவிடும். இதில் விவாதத்துக்கே இடமில்லை, தொடக்கூடாது.

கல்லீரல் நோய் ஏற்கெனவே உள்ளவர்கள் அடுத்து. சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது), குடியால் கெட்ட கல்லீரல், ஹெபடைடிஸ் பி அல்லது சி வைரஸ் தொற்று. கொழுப்புக் கல்லீரலையும் இங்கேதான் சேர்ப்பேன், தொப்பையும் சர்க்கரையும் உள்ள நடுத்தர வயதுக்காரர்களில் அது எவ்வளவு சகஜம் என்பது ஸ்கேன் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கல்லீரலில் கையிருப்பு இருப்பவர் ஒரு அடியைத் தாங்கிக்கொண்டு மீண்டுவிடுவார், இல்லாதவருக்கு அதே அடி வயிற்றில் நீர் கோத்து ஐசியூ வரை கொண்டுபோகும். காசநோய் மருந்து, வலிப்பு மருந்து என்று கல்லீரலுக்கு வேலை வைக்கிற மாத்திரைகளைத் தினமும் எடுப்பவர்களும் மேலே ஒன்றைச் சேர்க்கும் முன் மருந்து எழுதிய டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் வேண்டாம் என்றால் கோபப்பட வேண்டாம். காமாலை வந்தால் எது காரணம் என்று பிரித்துப் பார்க்கவே முடியாமல் போகும் என்பது அவருடைய கவலை.

காமாலை என்றதும் நம் ஊருக்கே உரிய ஒரு வம்பு இருக்கிறது. சீந்தில் மரபில் காமாலைக்கும் மருந்து. ஆகவே சீந்தில் குடித்ததால் கண் மஞ்சளான ஒருவர், "காமாலைக்கு நல்லதாயிற்றே" என்று அதையே இன்னும் கூடுதலாகக் குடிக்க வாய்ப்பு இருக்கிறது. இல்லையென்றால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி ஒரு வாரம் பார்ப்போம் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள், பத்தியம் ஆரம்பிக்கும், அந்த வாரம் வீணாகும். மருந்தே நோயாக வந்திருக்கிறதா என்று யாருக்கும் தோன்றாது. டாக்டரும் "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்டால் நாம் பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் சொல்வோம், கஷாயத்தைச் சொல்ல மாட்டோம், அதை மருந்து என்றே நினைப்பதில்லையே.

சர்க்கரை நோயாளிகள் விஷயம் வேறு மாதிரி. சீந்திலுக்குச் சர்க்கரையைக் குறைக்கும் குணம் இருக்கிறது, சர்க்கரைக்கென்று விற்கும் பல சூரணங்களில் அது சேர்கிறது. கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர் இதையும் சேர்த்தால் சர்க்கரை சட்டென்று தாழ்ந்துபோகலாம். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, தலை சுற்றி விழுகிற அந்த நிலை வயதானவர்களுக்கு உயிர் ஆபத்து. ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர்கள் இரண்டு வாரம் முன்னதாகவே நிறுத்திவிடச் சொல்வதும் இதனால்தான். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் பாதுகாப்பானது என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை, ஆகவே வேண்டாம். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

இவர்கள் யாரிலும் சேராதவர் குடிக்கலாமா? குடிக்கலாம், ஆனால் எவ்வளவு நாள் என்பது முக்கியம். பழைய வைத்தியத்தில் எந்தச் சரக்கையும் காலவரையில்லாமல் கொடுப்பதில்லை. நாடி பார்த்து, உடல்வாகு பார்த்து, நோய்க்கு ஏற்ற அளவும் அனுபானமும் (மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் தேன், பால் போன்றது) சொல்லி, அரை மண்டலமோ ஒரு மண்டலமோ முடிந்ததும் மறுபடி வரச் சொல்வார்கள். அந்த வைத்தியரை எடுத்துவிட்டு, மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையும் நோயே இல்லாதவர் மாதக்கணக்கில் குடிப்பது எந்த மரபிலும் இல்லாத புதுப் பழக்கம். ஆயுர்வேதத்தைக் குறை சொல்கிறேன் என்று கோபிப்பவர்கள் இதை யோசிக்கலாம். நல்ல சித்த மருத்துவரிடம் போனால், முடக்குவாதக்காரருக்கும் சிரோசிஸ்காரருக்கும் ஒரே பொட்டலத்தைக் கட்டிக் கொடுக்க மாட்டார்.

பொட்டலம் என்றதும் சட்டத்தையும் ஒரு வார்த்தை. மூல நூல்களில் உள்ள செய்முறைப்படி, அதே நோய்க்குத் தயாரிக்கிற ஆயுர்வேத, சித்த மருந்துகளுக்கு உரிமம் வாங்கத் தனியாகப் பாதுகாப்பு ஆய்வு காட்ட வேண்டியதில்லை. மருந்து விதிகளின் 158-பி பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆக, டப்பாவில் உரிம எண் இருக்கிறது என்பதற்கு, யாராவது ஆயிரம் பேருக்குக் கொடுத்துக் கல்லீரல் பரிசோதனை செய்து பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை. பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய 2018லிருந்து ஆயுஷ் மருந்துகளுக்கென்று ஒரு கண்காணிப்புத் திட்டம் நடக்கிறது, டெல்லியில் உள்ள அகில இந்திய ஆயுர்வேத நிறுவனம்தான் தலைமை மையம், சித்த மருந்துகளுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம். பாதிக்கப்பட்டவர்கள் அங்கே புகார் கொடுக்கலாம். அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

குடித்துக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போவது, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுவது, காரணமில்லாத களைப்பு, உடம்பெல்லாம் அரிப்பு, கண் வெள்ளையில் மஞ்சள். கண் மஞ்சளாகும் வரை காத்திருக்க வேண்டாம், முதல் இரண்டு மூன்று தெரியும்போதே நிறுத்திவிட்டு கல்லீரல் பரிசோதனை செய்துவிடுங்கள். எல்லா லேபிலும் செய்கிற சாதாரண ரத்தப் பரிசோதனைதான். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதிகள் நூற்றுக்கணக்கில் ஏறியிருந்தால், காமாலையின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின் கூடியிருந்தால், கல்லீரல் மருத்துவரிடம் அந்தப் பொடி டப்பாவையோ தண்டையோ கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். மருந்து என்றால் கஷாயமும் மருந்துதான், எத்தனை நாள் எவ்வளவு குடித்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

நிறுத்தினாலே வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ தானாகச் சரியாகிவிடுபவர்கள் உண்டு, சிலருக்கு ஸ்டீராய்டு தேவைப்படும், சிலருக்கு உள்ளே மறைந்திருந்த ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் இதனால் வெளியே வந்து நிரந்தர சிகிச்சையாகிவிடும். ஒருமுறை அடிபட்டவர்கள் குணமான பிறகு "கொஞ்சமாகத்தானே" என்று மறுபடி எடுக்கவே கூடாது, இரண்டாம் முறை பாதிப்பு முன்னதைவிடச் சீக்கிரமாகவும் கடுமையாகவும் வரக்கூடும். சூரணம், லேகியம், ஜூஸ், குடிநீர்ப் பொடி எதை வாங்கினாலும் சரக்குப் பட்டியலில் சீந்தில், அமிர்தவல்லி, அமிர்தா, குடூசி, கிலோய், டினோஸ்போரா கார்டிஃபோலியா ஆகிய பெயர்களில் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் அவர்கள் காசு கொடுக்க வேண்டும், கபசுரக் குடிநீருக்கும் அதேதான்.